லேசான பறவை வேட்டைத் துப்பாக்கியும் அதன் உதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்னசோட்டா காடுகளில் கிரௌஸ், தெற்கு டக்கோட்டா வயல்களில் ஃபெசன்ட், ஐடஹோ, நெவாடா மலைச்சரிவுகளில் சுக்கர் என்று அமெரிக்காவில் நடந்தே பறவை வேட்டையாடும் தமிழர்கள் இப்போது ஓரளவு இருக்கிறார்கள். பலரும் மூன்று கிலோவுக்குக் குறைவான ரவைத் துப்பாக்கி (ரவை எனும் சிறு சிறு உலோக உருண்டைகளைச் சுடும் ஷாட்கன்) ஒன்றை ஆசையாக வாங்குகிறார்கள். முதல் பெட்டித் தோட்டா தீர்வதற்குள் தோளைத் தடவிக்கொண்டே கேள்விகளோடு வருகிறார்கள். அந்தக் கேள்விகளும் என் பதில்களும் இங்கே. உதையின் அளவை ஜூலில் கொடுத்த இடங்களில் எல்லாம் நானே கணக்குப் போட்ட தோராய எண்கள்தான். ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும்.

லேசான துப்பாக்கி ஏன் இப்படி உதைக்கிறது?

பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். ரவையும், அதைத் தாங்கிச் செல்லும் பிளாஸ்டிக் கிண்ணமும், எரிந்த வெடிமருந்தின் வாயுவும் எவ்வளவு உந்தத்தோடு முன்னே போகின்றனவோ, அதே உந்தத்தோடு துப்பாக்கி பின்னே வரும். உந்தம் மாறாது. ஆனால் துப்பாக்கியின் எடை குறைந்தால் பின்னே வரும் வேகம் கூடும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஒரே தோட்டாவைச் சுடும்போது, எடை கால்பங்கு குறைந்தால் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும்.

எண்ணில் பார்ப்போம். ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் ரவை, விநாடிக்கு 1,200 அடி வேகம். இதை 8 பவுண்டு (3.6 கிலோ) துப்பாக்கியில் சுட்டால் உதை சுமார் 20 ஜூல். 6 பவுண்டு (2.7 கிலோ) துப்பாக்கியில் சுட்டால் சுமார் 26 ஜூல். அதே 6 பவுண்டு துப்பாக்கியில் கடைக்காரர் "ஃபெசன்டுக்கு இதுதான் சார்" என்று எடுத்துக் கொடுக்கும் 1¼ அவுன்ஸ், 1,330 அடி வேகத் தோட்டாவைப் போட்டால்? 50 ஜூலைத் தாண்டும். துப்பாக்கி மாறவில்லை, உதை இரட்டிப்பாகிவிட்டது.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். அந்த 6 பவுண்டு துப்பாக்கியில் 24 கிராம் தோட்டா போட்டால் உதை சுமார் 20 ஜூல்தான். அதாவது ரவையில் 4 கிராம் குறைப்பதும், துப்பாக்கியில் ஏறக்குறைய ஒரு கிலோ கூட்டுவதும் தோளுக்கு ஒன்றுதான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். லேசான துப்பாக்கியின் உதையை முதலில் தோட்டாவில் சரிசெய்ய வேண்டும், அடுத்து ஸ்டாக்கின், அதாவது தோளில் பதியும் மரப்பகுதியின், அளவில். காசு கொடுத்து வாங்கி மாட்டும் சாமான்கள் எல்லாம் அதற்கப்புறம்தான்.

அப்படியானால் கனமானதையே வாங்கிவிடலாமே?

சுடுவதற்கு மட்டும் என்றால் வாங்கலாம். வேட்டையில் சுடுவது கொஞ்ச நேரம், நடப்பதுதான் நாள் முழுக்க. கிரௌஸ் இருக்கும் இளம் ஆஸ்பன் காட்டில் கிளைகளை விலக்கிக்கொண்டு காலை முதல் மாலை வரை நடந்தாலும் ஐந்தாறு குண்டு சுட்டால் அது நல்ல நாள். சுக்கர் இன்னும் மோசம்: பறவை மலை மேலே ஓடும், சுட்டால் கீழே பறக்கும். அங்கே 8 பவுண்டு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஏறியவர் அடுத்த வருடம் லேசானதைத் தேடுவார். பறவை படபடவென்று எழும்பும் நேரத்தில் களைத்த கை துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவரத் தாமதிக்கும். அந்த அரை விநாடிக்குத்தான் இந்தப் பணம் எல்லாம்.

எந்த எடைத் துப்பாக்கிக்கு எவ்வளவு ரவை? ஏதாவது கணக்கு உண்டா?

உண்டு. பர்மிங்காமின் புகழ்பெற்ற துப்பாக்கித் தயாரிப்பாளர் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொன்ன கணக்கு: துப்பாக்கியின் எடை ரவையின் எடையைப்போல் 96 மடங்கு இருக்க வேண்டும். 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு என்பதால் ஒரு அவுன்ஸ் ரவைக்கு 6 பவுண்டு, 1⅛ அவுன்ஸுக்கு 6¾ பவுண்டு, 1¼ அவுன்ஸுக்கு 7½ பவுண்டு என்று வரும். கிராமில் சொன்னால் 24 கிராமுக்கு 2.3 கிலோ, 28 கிராமுக்கு 2.7 கிலோ, 32 கிராமுக்கு 3.1 கிலோ.

இது இயற்கை விதி இல்லை, அனுபவக் கணக்கு. அன்றைய தோட்டாக்களின் வேகமும் இன்றைய தோட்டாக்களைவிடக் குறைவு. அதனால் நான் இதைக் குறைந்தபட்ச எடை என்றுதான் எடுத்துக்கொள்வேன். இப்போது விற்கும் பென்னெல்லி அல்ட்ரா லைட் போன்ற 12 கேஜ் (நம்மூர் 12 போர்) துப்பாக்கிகள் சுமார் 6 பவுண்டுதான். கிரீனர் கணக்கில் இவற்றுக்கு ஒரு அவுன்ஸ்தான் சரி. ஆனால் அவற்றின் குழலில் 3 அங்குலத் தோட்டாவும் நுழையும் என்று பொறித்திருப்பார்கள். நுழையும் என்பதற்காக நுழைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

தோட்டாப் பெட்டியில் இருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

அமெரிக்கப் பெட்டியில் பெரும்பாலும் நான்கு எண்கள் இருக்கும். 2¾ என்பது தோட்டாவின் நீளம், அங்குலத்தில். 1⅛ என்பது ரவையின் எடை, அவுன்ஸில். 7½ என்பது ரவையின் பருமன். எண் கூடக் கூட ரவை சிறிதாகும். நான்காவது எண்தான் குழப்பும்: 3 அல்லது 3¼ என்று ஒரு "டிராம்" கணக்கு. அது உள்ளே இருக்கும் மருந்தின் அளவு அல்ல. கருமருந்துக் காலத்தில் அத்தனை டிராம் மருந்து போட்டால் என்ன வேகம் வருமோ, அந்த வேகம் என்று பொருள். 1⅛ அவுன்ஸுக்கு 2¾ டிராம் என்றால் விநாடிக்கு 1,145 அடி, 3 டிராம் என்றால் 1,200 அடி. பல நிறுவனங்கள் இப்போது வேகத்தையே நேராக அச்சிடுகின்றன. உதைக்குப் பார்க்க வேண்டியவை ரவை எடையும் வேகமும்தான்.

பெட்டி மேலே சீறிக்கொண்டிருக்கும் பறவைப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

வேகமான தோட்டா நன்றாகக் கொல்லும் என்கிறார்களே?

கிட்டத்தில் எல்லாத் தோட்டாவும் கொல்லும். தூரத்தில் அந்தக் கூடுதல் வேகம் போன இடம் தெரியாது. உருண்டையான ரவைக்குக் காற்று பெரிய எதிரி. எவ்வளவு வேகமாகக் கிளம்புகிறதோ, அவ்வளவு சீக்கிரம் வேகத்தை இழக்கும். குழல் வாயில் விநாடிக்கு 100 அடி கூடுதலாகக் கிளம்பிய ரவைக்கு 40 கஜம் போவதற்குள் அதில் பாதிகூட மிஞ்சாது. ஆனால் உங்கள் தோள் அந்த 100 அடிக்கு முழு விலையும் கொடுத்துவிடும்: 1,200 அடியிலிருந்து 1,300 அடிக்குப் போனால் உதையின் ஆற்றல் சுமார் 17 சதவீதம் கூடும்.

எட்டாத பறவைக்கு ஒரு எண் பெரிய ரவை எடுங்கள், அல்லது இன்னும் பத்து அடி நடந்து கிட்டே போங்கள். கிரௌஸ், உட்காக் இரண்டும் பெரும்பாலும் 25 கஜத்துக்குள்தான். 24 கிராம் 7½ அல்லது 8 எண் ரவை தாராளம். ஃபெசன்டுக்கு 28 முதல் 32 கிராம், 5 அல்லது 6 எண். சீசன் முடிவில் டக்கோட்டாக் காற்றில் தூரத்திலேயே எழும்பும் சேவல்களுக்கு 1¼ அவுன்ஸ் வேண்டும் என்று வாதாடுவோர் உண்டு. சரி, வாதம் நியாயமானதே. ஆனால் அந்த வாரத்துக்கு வேறு கனமான துப்பாக்கியை எடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, எஃகு ரவை. டக்கோட்டாக்களில் நீர்ப்பறவைகளுக்காகக் கூட்டாட்சி அரசு ஒதுக்கியிருக்கும் நிலங்களில் ஃபெசன்ட் சுட்டாலும் ஈயம் கூடாது. எஃகு ஈயத்தைவிட லேசானது, அந்தக் குறையை ஈடுகட்ட எஃகுத் தோட்டாக்களை 1,400 அடிக்கு மேல்கூட விரட்டுகிறார்கள். லேசான துப்பாக்கியில் இது வலிக்கும். கட்டுப்படியானால் பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த ரவை வாங்குங்கள். மிதமான வேகத்திலேயே வேலை செய்யும்.

20 கேஜ் வாங்கினால் உதை குறையுமா?

கேஜ் என்பது குழலின் விட்டம், அவ்வளவுதான். நம்மூரில் 12 போர் என்கிறோமே, அதே கணக்கு. எண் கூடக் கூடக் குழல் சிறிதாகும். தோளுக்குக் குழலின் விட்டம் தெரியாது. ஒரு அவுன்ஸ் ரவையை 5½ பவுண்டு எடையுள்ள 20 கேஜில் சுட்டால் சுமார் 28 ஜூல் உதைக்கும். அதே ஒரு அவுன்ஸை 7 பவுண்டு 12 கேஜில் சுட்டால் சுமார் 22 ஜூல். சின்னத் துப்பாக்கிதான் அதிகம் உதைக்கிறது.

20 கேஜில் ⅞ அவுன்ஸோடு நிறுத்திக்கொண்டால் கதை மாறும். 28 கேஜ் இன்னும் சுகம்: ¾ அவுன்ஸ், அதாவது 21 கிராம், 5½ பவுண்டு துப்பாக்கியில் 16, 17 ஜூல்தான். கிரௌஸ், காடை வேட்டைக்காரர்கள் 28 கேஜைக் கொண்டாடுவதில் பாசாங்கு இல்லை. தோட்டா விலைதான் கடிக்கும்.

வீட்டில் 12, 20 இரண்டும் இருந்தால் ஒரு எச்சரிக்கை. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப்போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கைக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். இதற்காகத்தான் அமெரிக்க 20 கேஜ் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருகின்றன. ஒரே சட்டைப்பையில் இரண்டையும் போடாதீர்கள்.

குறைந்த அழுத்தத் தோட்டா என்று விற்கிறார்களே, அது மெதுவாக உதைக்குமா?

அழுத்தத்தைக் குறைத்ததால் உதை குறையாது. உதையை முடிவு செய்வது வெளியே போகும் பொருளின் எடையும் வேகமும். அந்த வேகம் வர உள்ளே 7,000 பிஎஸ்ஐ அழுத்தம் தேவைப்பட்டதா 11,000 தேவைப்பட்டதா என்பது தோளுக்குத் தெரிவதில்லை. மெதுவாக எரியும் மருந்து அழுத்தத்தைக் குறைக்கும், ஆனால் அதே வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் மருந்து கேட்கும். அந்த மருந்தும் எடைதான். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளுக்காக விற்கும் குறைந்த அழுத்தத் தோட்டாக்கள் மென்மையாக இருப்பது உண்மை. காரணம், அவற்றில் பெரும்பாலும் ரவையும் வேகமும்கூடக் குறைவு.

ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா. நண்பருக்கு வலிக்கவில்லை, எனக்கு மட்டும் ஏன்?

ஸ்டாக். அதாவது தோளில் பதிந்து கன்னத்தில் உரசும் மரப்பகுதி. தொழிற்சாலையில் ஒரு "சராசரி" அமெரிக்க ஆணை மனதில் வைத்து அளவெடுக்கிறார்கள். விசையிலிருந்து பின்முனை வரை 14¼, 14½ அங்குலம். ஐந்தடி ஐந்து அங்குலம் உயரமுள்ள நம் ஆளுக்கு இது பெரும்பாலும் நீளம். நீளமான ஸ்டாக் தோள்குழியில் உட்காராமல் கையின் மேற்பகுதிக்கு நழுவும், புஜத்தில் நீலமாக ரத்தம் கட்டும். குட்டையாக இருந்தால் விசையைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். அக்டோபரில் சட்டையோடு சரியாக இருந்த ஸ்டாக், டிசம்பரில் கனத்த ஜாக்கெட்டோடு நீளமாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வலி எங்கே என்பதே பாதி விடை சொல்லிவிடும். கன்னத்தில் அறை விழுந்தாற்போல் இருந்தால், கன்னம் படும் மேல்விளிம்பைப் பாருங்கள். பழைய அமெரிக்கத் துப்பாக்கிகளில் பின்பக்கம் 3 அங்குலம் வரை தாழ்ந்திருக்கும். அப்படித் தாழ்ந்த ஸ்டாக், உதைக்கும்போது நேராகப் பின்னே வராமல் குழல் மேலே எகிற, கன்ன எலும்பில் ஏறி இடிக்கும். விளிம்பு நேராகவும் உயரமாகவும் இருந்தால் துப்பாக்கி நேர்க்கோட்டில் வரும், கன்னத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். விளிம்பு மெல்லியதாக இருந்தாலும் அறைவிழும். அதற்குத் தோலால் செய்த உறை மாட்டலாம்.

நெஞ்சுக்கு மேலே ஒரே புள்ளியில் குத்தினால், பின்முனையின் சாய்வு தவறு. ஸ்டாக்கின் பின்முகம் முழுவதும் ஒரே நேரத்தில் தோளைத் தொட வேண்டும். கீழ்முனை மட்டும் முதலில் பட்டால் மொத்த உதையும் அந்த முனை வழியாக இறங்கும். பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆணின் மார்புக்காகச் செதுக்கிய சாய்வு அவர்களுக்குப் பெரும்பாலும் சரிவராது. சாய்வை மாற்றப் பெரிய வேலை எதுவும் இல்லை. ரப்பர் பேடுக்கும் மரத்துக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு ஒன்று வைத்தாலே போதும், இப்போதைய பல துப்பாக்கிகளோடு அதையும் கொடுத்துவிடுகிறார்கள்.

நடுவிரல் வீங்கினால், விசையைச் சுற்றியிருக்கும் வளையம் பின்னே வந்து அடிக்கிறது. நேரான கைப்பிடியுள்ள லேசான துப்பாக்கிகளில் இது சகஜம். கையைக் கால் அங்குலம் பின்னே வைத்துப் பிடியுங்கள். இரண்டு விசை உள்ள துப்பாக்கியில் பின்விசையை இழுக்கும்போது முன்விசை ஆள்காட்டி விரலின் முதுகைக் கடிக்கும். நல்ல துப்பாக்கிகளில் முன்விசைக்குக் கீல் வைத்திருப்பார்கள், அது மடங்கிக்கொடுக்கும்.

ஸ்டாக்கை அளவெடுத்துத் திருத்தும் கைவினைஞரிடம் ஒருமுறை போவதற்குச் செலவாகும். புதுத் துப்பாக்கி வாங்கும் செலவைவிட அது குறைவு.

தோளில் ஏற்றும் விதத்தில் ஏதாவது மாற்றலாமா?

நிறைய. துவங்குகிறவர்கள் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டு, அப்புறம் தலையைக் குனிந்து கன்னத்தைத் தேடுவார்கள். அதை மாற்றுங்கள். குழல் வாயைப் பறவை மேல் வைத்தபடி துப்பாக்கியை முகத்துக்குக் கொண்டுவாருங்கள், கன்னம் பட்டதும் தோள் தானாக முன்னே வந்து ஸ்டாக்கைச் சந்திக்கும். தோளுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே இடைவெளி இருந்தால் துப்பாக்கி ஓடிவந்து முட்டும். இடைவெளி இல்லாவிட்டால் தள்ளும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் குண்டிலேயே உணர்வீர்கள்.

எடையை முன்காலில் வையுங்கள், முழங்காலை லேசாக மடக்குங்கள், மூக்கு முன்கால் விரல்களுக்கு நேராக வரட்டும். பின்னால் சாய்ந்து நிற்பவரைத்தான் துப்பாக்கி தள்ளிவிடும். முன்னே நீட்டிய கையால் குழலின் கீழ்க்கட்டையை இறுக்கமாகப் பிடியுங்கள். உதையில் ஒரு பங்கை அந்தக் கை வாங்கிக்கொள்ளும். லேசான துப்பாக்கிக்கு இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு: எளிதில் அசைவதைப்போலவே எளிதில் நின்றும்விடும், சுட்ட கணத்தில் வீச்சு நின்று ரவை பறவைக்குப் பின்னால் போகும். முன்னே இருக்கும் கை உறுதியாக இருந்தால் அதுவும் குறையும்.

ரவை எப்படிப் பரவுகிறது என்று (பேட்டர்ன்) பார்க்க 40 கஜத்தில் தாள் ஒட்டிச் சுடும்போது மேஜையில் உட்கார்ந்து சுடாதீர்கள். உடம்பு பின்னே வளைய வழியில்லாமல் முழு உதையையும் வாங்கும். நின்றே சுடுங்கள்.

அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோ மெதுவாக உதைக்கும் என்பது உண்மையா?

வாயுவால் இயங்குவது என்றால் உண்மை. குழலிலிருந்து கொஞ்சம் வாயுவை எடுத்து ஒரு பிஸ்டனைத் தள்ளி, அதன் வழியாகப் பின்பூட்டைத் திறக்கிறது. மொத்த உந்தம் குறைவதில்லை. ஆனால் அது தோளுக்கு வந்துசேரும் நேரம் நீள்கிறது. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிப்பதைப் போலத்தான். 1963இல் வந்த ரெமிங்டன் 1100 இதனால்தான் இன்றுவரை தோளுக்கு இதமான துப்பாக்கி என்று பெயரெடுத்திருக்கிறது. ஆனால் வாயுத் துப்பாக்கிகள் கொஞ்சம் கனம். முன்பாகம் தடிமனாக இருக்கும், அடிக்கடி துடைக்க வேண்டும்.

பென்னெல்லி வகை வேறு. அது உதையின் நிலைமத்தையே பயன்படுத்தி இயங்குகிறது, துப்பாக்கி பின்னே வந்தால்தான் வேலை செய்யும். லேசாகவும் சுத்தமாகவும் இருக்கும், ஆனால் வாயுத் துப்பாக்கி அளவுக்கு உதையை மழுப்பாது. மிக லேசான தோட்டா போட்டால் சிலசமயம் அடுத்த தோட்டா ஏறாமல் நிற்கும். பாதி தோளில் வைத்துச் சுட்டாலும் அப்படியே.

மேல்கீழ் இரட்டைக் குழலும், பக்கம்பக்கமாக அமைந்த இரட்டைக் குழலும் உதையை அப்படியே கொண்டுவந்து கொடுப்பவை. என் ஓட்டு இன்னும் அவற்றுக்குத்தான், தோட்டாவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். மடக்கித் திறந்து வைத்தால் பத்தடி தள்ளி நிற்பவருக்கும் துப்பாக்கி சுடாது என்று தெரியும். நாயோடும் நண்பர்களோடும் நடக்கும் வேட்டையில் அது பெரிய நிம்மதி.

பேட், எடைக்கட்டி, குழலில் துளை: இதில் எது வேலை செய்யும்?

நல்ல ரப்பர் பேட் வேலை செய்யும். லிம்ப்சேவர், பேக்மேயர் டிசெலரேட்டர் போன்றவை உதையைப் பரப்பிக் கொடுக்கும். பேடின் மேல்முனை சட்டையில் மாட்டாதபடி வழுவழுப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பறவை எழும்பும்போது அக்குளில் சிக்கிக்கொள்ளும். பேட் மாட்டினால் நீளம் கூடும், அதற்கேற்ப மரத்தை வெட்ட வேண்டியிருக்கும்.

ஸ்டாக்குக்குள் பாதரசக் குழாயோ ஈயமோ வைத்தால் உதை குறையும், எடை கூடியதால். அப்புறம் அது லேசான துப்பாக்கி இல்லை. கோடைப் பயிற்சிக்கு வைத்து, வேட்டைக்கு முன் எடுத்துவிடுவதானால் சரி.

குழல் வாய்க்கருகில் துளை போடுவது வேண்டவே வேண்டாம் என்பேன். ரவைத் துப்பாக்கியின் வாயில் வாயு அழுத்தம் குறைவு, பலனும் குறைவு. சத்தம் மட்டும் பக்கத்தில் நிற்பவர் காதிலும் நாய் காதிலும் கூடுதலாக விழும். தோட்டா உட்காரும் அறைக்கு முன்னே குழல் குறுகும் உட்கூம்பை நீட்டிக் கடைவது பற்றியும் பெரிதாகச் சொல்வார்கள். வெளியே போகும் எடையும் வேகமும் அப்படியே இருக்கும்போது அதில் எவ்வளவு குறைந்துவிடும்?

பறவையைச் சுடும்போது உதையே தெரிவதில்லை. பயிற்சிக் களத்தில்தான் வலிக்கிறது. ஏன்?

பறவை எழும்பும்போது உங்கள் கவனம் எங்கே இருக்கிறது என்பது ஒரு காரணம். நாள் முழுக்க ஐந்து குண்டு என்பது இன்னொன்று. களத்தில் ஒரு சுற்று என்பது பறக்கவிடும் 25 களிமண் தட்டு, நான்கு சுற்று சுட்டால் நூறு. வேட்டைத் தோட்டாவோடு 6 பவுண்டு துப்பாக்கியில் நூறு குண்டு சுடுவது வீரம் இல்லை. அடுத்த ஒரு மாதத்துக்குத் தவறவிடக் கற்றுக்கொள்வது அது.

மனம் மறைத்தாலும் உடம்பு மறப்பதில்லை. விசையை இழுக்கும் முன்பே கண் மூடும், தோள் முன்னே இடிக்கும், சிலருக்கு விரல் விசையிலேயே உறைந்துபோகும். இந்தப் பதறல் வந்துவிட்டால் போகச் செய்வது கடினம், வராமல் தடுப்பது எளிது. களத்தில் 24 கிராம் அல்லது அதற்கும் குறைவான தோட்டா மட்டும். ஒலிம்பிக்கில் டிராப், ஸ்கீட் எனும் தட்டு சுடும் போட்டிகளில் சுடுபவர்களுக்கே 24 கிராம்தான் உச்சவரம்பு, அவர்கள் தட்டை உடைக்காமலா இருக்கிறார்கள்? காதுக்கு நல்ல பாதுகாப்பு போடுங்கள். உதை என்று நாம் நினைப்பதில் கணிசமான பங்கு சத்தம்தான். மெல்லிய பேட் தைத்த பயிற்சி அங்கி அணியலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். வலி தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள், சுற்று முடியாவிட்டாலும் பரவாயில்லை.

பதறல் வந்துவிட்டதா என்று தெரிய, நண்பரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, நிஜத் தோட்டாவையும் வெற்றுப் பயிற்சித் தோட்டாவையும் உங்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். வெற்றுத் தோட்டாவில் குழல் வாய் குதித்தால் வந்துவிட்டது என்று பொருள். சில வாரம் மிக லேசான தோட்டா, 28 கேஜ் கடன் வாங்கிச் சுடுவது, வீட்டில் காலித் துப்பாக்கியோடு தோளில் ஏற்றும் பயிற்சி. அவசரப்படாதீர்கள்.

லேசான தோட்டா போட்டதும் இரண்டாவது குழல் சுடவில்லை. பழுதா?

பெரும்பாலும் இல்லை. ஒற்றை விசை உள்ள பல இரட்டைக் குழல்களில், முதல் குண்டின் உதைதான் விசையை இரண்டாவது குழலுக்கு மாற்றும். உதை மிகக் குறைந்தால் அது மாறாது. வெற்றுப் பயிற்சித் தோட்டாக்கள் இரண்டைப் போட்டு, விசையை ஒருமுறை இழுத்துவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். ஸ்டாக்கின் பின்முனையை உள்ளங்கையால் தட்டினால்தான் இரண்டாவது இழுப்பு வேலை செய்கிறது என்றால் உங்களுடையது அந்த வகை. கொஞ்சம் கூடுதல் வேகத் தோட்டாவுக்குப் போங்கள். உதை இல்லாமலே மாறும் இயந்திர விசைகளும் உண்டு. லேசான துப்பாக்கிக்கு அதுவே மேல்.

இதற்கு நேர்மாறாக, ஒரே இழுப்பில் இரண்டும் சேர்ந்து வெடித்தால் சுடுவதை அன்றே நிறுத்தித் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

மனைவிக்கும் பன்னிரண்டு வயது மகளுக்கும் முதல் துப்பாக்கி. 28 கேஜைவிடச் சின்னக் குழலுள்ள .410 வாங்கலாமா?

வேண்டாம். உதை குறைவுதான், ஆனால் அரை அவுன்ஸ் ரவையால் பறக்கும் தட்டை உடைக்கக் கைதேர்ந்தவர் வேண்டும். தவறவிட்டுத் தவறவிட்டே அலுத்துவிடுவார்கள். வாயுவால் இயங்கும் 20 கேஜ், சிறுவர்களுக்கான குட்டை ஸ்டாக், ¾ அல்லது ⅞ அவுன்ஸ் தோட்டா. மகள் வளர வளர ஸ்டாக்கையும் நீட்டிக்கொள்ளலாம். முதல் நாள் பத்துப் பதினைந்து குண்டு போதும், "இன்னும் ஒன்று" என்று அவளே கேட்கும்போது நிறுத்துங்கள்.

ஊருக்கு வரும்போது கவுதாரி, காடை சுடலாமா?

கூடாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெள்ளையர் காலத்தில் நீலகிரிக்குக் குளிர்காலத்தில் வரும் உட்காக்கைத் தேடி அலைந்தவர்கள் உண்டு, அது அந்தக் காலத்தோடு போயிற்று. உரிமம் பெற்ற துப்பாக்கியோடு கிளப்பில் தட்டு சுடுவதற்குத் தடையில்லை. அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் உரிமம், சீசன், பறவை எண்ணிக்கை மாறும். முதல் முறை உரிமம் வாங்கப் பல மாநிலங்களில் வேட்டைக்காரர் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும்.

தோள் அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது, அல்லது பேஸ்மேக்கர் வைக்கப் போகிறார்கள். சுடலாமா?

தோளைப் பொறுத்தவரை மருத்துவர் அனுமதித்த பிறகு 28 கேஜ் அல்லது வாயுவால் இயங்கும் 20 கேஜோடு மெதுவாகத் திரும்பி வருபவர்கள் பலர். பேஸ்மேக்கர் விஷயத்தில் விளையாட வேண்டாம். கருவியைக் காறை எலும்புக்குக் கீழே வைக்கிறார்கள், பெரும்பாலும் இடப்பக்கம். ஸ்டாக் பதியும் இடமும் அதுவே. திரும்பத் திரும்ப உதைபட்டால் இதயத்துக்குப் போகும் கம்பி சேதமாகலாம். வலத்தோளில் சுடுபவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் இல்லை, இடத்தோளில் சுடுபவர்களுக்கு உண்டு. அறுவைச் சிகிச்சைக்கு முன்பே நீங்கள் துப்பாக்கி சுடுபவர் என்பதையும், எந்தத் தோளில் என்பதையும் இதய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மறுபக்கம் வைக்க முடியுமா என்று அவர் பார்ப்பார்.